கொன்றைக்குளத்தில் ஒரு கள்ள வோட்டு

போன பாராளுமன்றத் தேர்தலில் கொன்றைக்குளம் வாக்குச்சாவடியில் ஒரு வோட்டு இடித்தது. இயந்திரம் காட்டிய கணக்குக்கும், கட்சி ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்த வள்ளிநாயகம் தன் பட்டியலில் கோடு போட்டு வைத்திருந்த கணக்குக்கும் நடுவில் ஒரே ஒரு வோட்டு கூடுதல். ஜெயித்தவர் டெல்லிக்குப் போய், தோற்றவர் கட்சி மாறி, ஊரும் மறந்தாயிற்று. வள்ளிநாயகம் மட்டும் மறக்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போதும், சுசீந்திரம் தேருக்கு வடம் பிடிக்கும்போதும், பக்கத்தில் அகப்பட்டவரிடம் அந்த ஒரு வோட்டைப் பற்றித்தான் பேச்சு.

அரசாங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற மனிதர். ஊருக்குத் தெற்கே ஒரு கோட்டை விதைப்பாடு வயல், ஊருக்குள் மாடி வைத்த வீடு, கனடாவில் ஒரே மகன். குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த நாடு கள்ள வோட்டால் நாசமாய்ப் போகிறது என்கிற கவலை மட்டும் அவரை உறங்கவிடாது. வெளிநாட்டுக்காரனெல்லாம் நம் பட்டியலில் புகுந்துவிட்டான், அவனைப் பிடித்து வெளியே தள்ளாமல் ஜனநாயகம் உருப்படாது என்று டிவியில் ஒருவர் சொன்னால், இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்து ஆமாம் என்பார். கொன்றைக்குளத்துக்கு எந்த வெளிநாட்டுக்காரன் வரப்போகிறான், வந்தால் எங்கே தங்குவான் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் அரைமணி நேரத்துக்குப் பதில் வைத்திருந்தார்.

எதிர்க்கட்சி ஏஜெண்ட் தங்கப்பன். தெருமுக்கில் பலசரக்கும் பழமும் விற்கும் கடைக்காரர். முப்பது வருடமாக இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு வந்தார்கள். தங்கப்பனின் பெரியம்மா வோட்டுப் போட வந்த கதையைச் சொன்னால் வள்ளிநாயகம் எப்படிப்பட்டவர் என்பது விளங்கும். கிழவியின் வாக்காளர் அட்டையில் இருந்த படம் அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது. வள்ளிநாயகம் எழுந்து, விதிப்படி இரண்டு ரூபாய் கட்டி, ஆட்சேபம் சொன்னார். இந்த அம்மாளை உங்களுக்குத் தெரியாதா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும். எனக்க கல்யாணத்துக்கு முறுக்கு சுட்டது இவதான்."

"பிறகென்ன?"

"எனக்குத் தெரிஞ்சாப் போதுமா? அட்டைக்குத் தெரியாண்டாமா?"

ஆட்சேபம் நிற்கவில்லை. அதிகாரி அவளைப் போடச் சொன்னார். ஆனால் கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுபது வருடம் வாழ்ந்த ஊரில் நான் யாரென்று நான் காட்ட வேண்டுமா என்று போடாமலே வீட்டுக்குப் போனாள். அடுத்த தேர்தலுக்கு அவள் இல்லை. அதனால், வள்ளிநாயகம் அந்த ஒரு வோட்டைப் பற்றிக் கடையில் பேச்செடுக்கும்போதெல்லாம் தங்கப்பன் ஒரே பதில்தான் சொல்வார். கள்ள வோட்டு ஒன்றைத் தேடுகிறீர்கள், நல்ல வோட்டு ஒன்றைத் தொலைத்தீர்கள், இரண்டும் சரியாய்ப் போயிற்று என்பார். சட்டம் என்றால் நாலு பேருக்குச் சிரமம் இருக்கத்தான் செய்யும் என்று இவர் சொல்வார். அந்த நாலு பேரும் எப்போதும் ஏன் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்று அவர் கேட்பார். அதோடு அன்றைய விவாதம் முடிந்து, வள்ளிநாயகம் ஏத்தன் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இவ்வளவு பகையிலும் ஒரு மரியாதை இருந்தது. வள்ளிநாயகத்துக்குப் பொட்டலச் சோறு ஆகாது. மதியம் ஒரு மணிக்கு வாழையிலையில் பருப்பும் நெய்யும் பப்படமும் அவியலும் புளிசேரியும் விழுந்தே ஆகவேண்டும். தேர்தல் நாளானால் மனைவி மீனாட்சியம்மாள் பாயசமும் வைப்பாள். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவரைக்கும் அவர் பட்டியலையும் சேர்த்துத் தங்கப்பன் பார்த்துக்கொள்வார். தங்கப்பன் சாப்பிடப் போகும்போது இவர். மாற்று ஏஜெண்ட் போடக் கட்சி தயாராக இருந்தும் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தக் கட்சிக்காரனை விட எதிராளி நம்பிக்கையானவன் என்பது அவர்களுடைய அனுபவம்.

இப்படியிருக்கையில்தான் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. வீடுவீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, செத்தவர், போனவர், இரண்டு இடத்தில் இருப்பவர் எல்லாரையும் நீக்கப் போகிறார்கள். வள்ளிநாயகம் அன்று கோயிலில் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தார்.

கொன்றைக்குளத்துக்கு அந்த வேலை அங்கன்வாடி டீச்சர் ஜிஷாவின் தலையில் விழுந்தது. காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் சத்துமாவும், மதியத்துக்கு மேல் ஊராருக்குப் படிவமும். பாவம், அவள் தனியாகவாவது அலைந்திருக்கலாம். வள்ளிநாயகம் குடையோடு கூடவே நடந்தார். இந்த வீட்டில் மகள் கல்யாணமாகி மார்த்தாண்டம் போய்விட்டாள், அந்த வீட்டில் அண்ணன் இறந்து இரண்டு வருடமாகிறது என்று ஒவ்வொரு வாசலிலும் அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார். அவர் சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது என்பதுதான் கொடுமை. அவருடைய நியாயம் எளிமையானது. ராத்திரி எந்த ஊரில் படுக்கிறானோ அந்த ஊரில்தான் அவனுக்கு வோட்டு.

முத்துக்கனி வீட்டு முற்றத்தில் தகராறு வந்தது. முத்துக்கனி தங்கப்பனின் தங்கை. அவள் மகன் சுஜின் துபாயில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான், தாய்க்குக் கம்பளியும் ஊருக்குச் சாக்லேட்டும் கொண்டுவருவான், போவான். மகனுடைய படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். வீட்டில் உள்ள பெரியவர்கள் போடலாம் என்று விதி இருக்கிறது என்றாள் ஜிஷா. வள்ளிநாயகம் தன் பட்டியலைப் பிரித்தார். போன தேர்தலில் சுஜின் வோட்டே போடவில்லை, ஆள் அப்போதே இங்கே இல்லை, கோடு விழவில்லை பார் என்றார். முத்துக்கனி ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணனை நினைத்தோ என்னவோ, முழுங்கிக்கொண்டாள். படிவத்தின் அடியில் பொய் சொன்னால் தண்டனை என்று இருக்கும் வரியை வள்ளிநாயகம் அவளுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். ஆட்சேபத்தை எழுதிக்கொள் என்று ஜிஷாவிடம் சொன்னார்.

அங்கிருந்து நேராக அவர் வீடு. மூன்று படிவம். தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மூன்றாவது மகன் பிரதீஷுக்கு. ஒன்பது வருடமாகக் கனடாவில் இருக்கும் மகனுடைய படிவத்தில், தகப்பன் என்ற முறையில், பேனாவை ஒரு தடவை கூட உதறாமல் கையெழுத்துப் போட்டார். ஜிஷா அவர் முகத்தைப் பார்த்தாள். துபாய் என்றால் பிழைப்புக்குப் போவது, கனடா என்றால் படிப்புக்குப் போவது, படித்தவன் திரும்பி வருவான் என்று அவளுக்கு விளக்கினார். மாடி கட்டியதே அவனுக்காகத்தான். இவர் இதைக் கள்ளத்தனம் என்று நினைக்கவேயில்லை. மனதார நம்பினார். மாதம் ஒருமுறை மாடியைக் கழுவி, ஏசியைப் போட்டுப் பார்த்து, அணைத்துவிட்டு இறங்கி வருகிறவர் வேறு எதை நம்புவார்? மீனாட்சியம்மாள் கதவோரம் நின்றிருந்தாள்.

மறுநாள் வள்ளிநாயகம் பழம் வாங்கப் போனபோது தங்கப்பன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். தங்கை அழுதுகொண்டு வந்து சொல்லியிருக்கிறாள்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணரை வருசமாட்டு தேடுக வோட்டு எங்கயும் போவல. உங்க வீட்டு வோட்டுதான் அது. பிரதீசுக்க வோட்டு. போட்டது எனக்க மருமவன் சுஜின்."

பிறகு முழுவதையும் சொன்னார். தேர்தலுக்கு முந்தின நாள் மீனாட்சியம்மாள் கடைக்கு வந்து, இரண்டு தேர்தலாகப் போடாமல் கிடக்கும் மகன் பேரை வெட்டிவிடுவார்கள், நீதான் ஏதாவது செய்யவேண்டும் என்று கண் கலங்கி நின்றாளாம். பீரோவில் இருந்த பிரதீஷின் பழைய அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். பதினெட்டு வயதில் எடுத்த படம், மீசை இல்லாத யாருக்கும் பொருந்தும். லீவில் வந்து புது விசாவுக்காக ஊரில் காத்திருந்த சுஜின் மீசையை எடுத்தான். ஒரு மணிக்கு வள்ளிநாயகம் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, தங்கப்பன் இரண்டு பட்டியலையும் காவல் காத்துக்கொண்டிருக்கும்போது, சுஜின் வந்து போட்டுவிட்டுப் போனான். வள்ளிநாயகத்தின் பட்டியலில் மட்டும் தங்கப்பன் அதற்குக் கோடு போடவில்லை. விரலில் மை விழுந்துவிட்டதால் அவனுடைய சொந்த வோட்டைப் போட முடியவில்லை.

"ஒரு ஆளு, ஒரு விரலு, ஒரு வோட்டு. பேரு மட்டும் மாறிட்டு. உங்க மவனுக்காவத்தான் அவன் தனக்குள்ளத விட்டான். அதக் காட்டியா அவனுக்க பேர வெட்டச் சொல்லுதிய?"

வள்ளிநாயகம் வாழைக்குலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, அந்தப் பயல் எந்தச் சின்னத்தில் போட்டான் என்பது. அது ரகசிய வாக்கெடுப்பு அல்லவா என்று தங்கப்பன் பழத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வள்ளிநாயகம் வீட்டுக்கு வந்து கத்தினார். நாடு முழுவதும் தேடிய திருடன் தன் வீட்டு அடுக்களையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? மீனாட்சியம்மாள் தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. இரண்டு தேர்தல் போடாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று உனக்கு எந்த மடையன் சொன்னான் என்று கேட்டார். நீங்கள்தான் சொன்னீர்கள் என்றாள். உண்மைதான். ஒரு தேர்தலுக்கு முட்டுவலி என்று அவள் படுத்திருந்தபோது, எழுப்பிக் கொண்டுபோவதற்காக அவரே கட்டிவிட்ட கதை அது.

அவர் சற்று அடங்கியதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நேத்து கையெழுத்து போட்டுக் குடுத்தியளே, அந்தப் பாரத்தத் திரும்ப வாங்கிருங்க. அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். ஆனா அன்னைக்கு அவன் நம்ம நாட்டுக்காரன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கோட்டு போட்ட பிரதீஷ். இடுப்பில் குழந்தை. பக்கத்தில் மருமகள் ஆர்த்திகா. மூன்று பேர் கையிலும் சின்னச் சின்னதாக அந்த நாட்டுக் கொடி. போன கார்த்திகையில் உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கிவிட்டானாம். இவர் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னானாம். அப்பாவிடம் சொல்லாதே, தாங்கமாட்டார் என்றானாம். ஒரு வருடத்துக்கு மேலாக அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் இவர் மாடியைக் கழுவும்போதெல்லாம் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

வள்ளிநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மகன் செத்துப்போனவனும் இல்லை, இனி வருகிறவனும் இல்லை. இதற்கு எப்படித் துக்கம் கொண்டாடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பிடாமல் படுத்தார். படுத்தபடி கணக்குப் பார்த்தார். படிவம் போய்விட்டது. இங்கே யாருக்கும் தெரியாது. பேர் பாட்டுக்குக் கிடக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார், இதே வார்த்தையை எத்தனை பேர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்படியும் படிவத்தைத் திரும்ப வாங்க அவர் போகவில்லை.

படிவங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு, ஏஜெண்டுகளையும் ஊராரையும் வைத்துச் சரிபார்ப்பதற்காகத் தொடக்கப் பள்ளியில் ஜிஷா ஒரு கூட்டம் போட்டாள். பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். ஜிஷா வீடுவீடாக வாசித்து வந்தாள். வள்ளிநாயகம் வீட்டு எண் வந்தது. வள்ளிநாயகம், மீனாட்சியம்மாள், பிரதீஷ், மூன்று படிவமும் வந்திருக்கிறது, ஆட்சேபம் உண்டா என்று பேப்பரைப் பார்த்தபடியே கேட்டாள்.

தங்கப்பன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துக்கனி கூரையைப் பார்த்தாள். மற்றவர்கள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார்கள். அப்போதுதான் வள்ளிநாயகத்துக்கு உறைத்தது. கொடி பிடித்த அந்தப் படம் எப்படியோ எல்லார் போனிலும் வந்திருக்கிறது. ஊர் முழுக்க ஒரு வருடமாகத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லாமலே தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கொன்றைக்குளத்தில் வெளிநாட்டுக்காரன் புகுந்துவிட்டான் என்று அவர் முழங்கிய ஒவ்வொரு நாளும், அந்த ஒருவன் யார் என்று தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறார்கள்.

ஒருத்தனாவது ஆட்சேபம் சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். விதியைக் காட்டியிருப்பார், வென்றும் இருப்பார். முப்பது வருடம் மல்லுக்கட்டிய தங்கப்பன் கூடப் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டதை அவரால் தாங்க முடியவில்லை. ஜிஷா அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் எழுந்தார்.

"முதல்ல சுஜினுக்க பேரு. எனக்க ஆட்சேபத்த எடுத்துக்கிடுகேன். அவன் வருவான்" என்றார். கொஞ்சம் நின்று, "பிரதீசுக்க பேர நீக்கிரு பிள்ளே" என்றார்.

அதுவரை வாயைத் திறக்காத ஊர் மொத்தமாகத் திறந்தது. லீவுக்கு வருகிற பிள்ளைதானே, எழுதின படிவம் எழுதினபடி இருக்கட்டும் என்றாள் ஜிஷா. பேரு என்ன சோறா கேட்கிறது, கிடந்துவிட்டுப் போகட்டுமே என்றாள் முத்துக்கனி. தங்கப்பன் எழுந்து, இந்த நீக்கத்துக்குத் தனக்கு ஆட்சேபம் உண்டு என்றார்.

"ஆதாரம் காட்டுங்க அண்ணாச்சி. வாய்ப் பேச்ச நம்பாண்டாம்ணு நீங்கதான சொல்லுவிய."

ஒரு கள்ளப் பேரைக் காப்பாற்ற இரண்டு கட்சியும் கொன்றைக்குளத்தில் ஒன்று சேர்ந்தது அன்றுதான். அதற்கு எதிராக நின்றது ஒரே ஒரு ஆள்.

"நான் அவனுக்க அப்பன். வேற என்ன ஆதாரம் வேணும்?"

ஜிஷா பேனாவை எடுத்தாள். காரணம் எழுதவேண்டும். வெளியூருக்கு இடம் மாறிவிட்டார் என்று போடட்டுமா என்று தணிவாகக் கேட்டாள். அது போதும், அதையே போடு என்று நாலைந்து குரல் வந்தது. அவருக்கும் அது போதும் போலத்தான் இருந்தது. அந்த வார்த்தையில் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருந்தது. ஆனால் அது உண்மை இல்லை. இல்லை என்று தலையை அசைத்தார். அவன் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று எழுது என்றார். அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்து, அவள் எழுதி முடிப்பதற்கு முன்பே வெற்றுத்தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். தங்கப்பன் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வீடு வரைக்கும் கூடவே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம் போலப் பிரதீஷ் வீடியோவில் வந்தான். அங்கே பனி கொட்டுகிறதாம். பேத்தி அபினா திரையில் வந்து இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு ஓடினாள். அவர் உடம்பைப் பற்றிக் கேட்டான், வயலைப் பற்றிக் கேட்டான். பிறகு, ஊரில் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்களாமே, செய்தியில் பார்த்தேன் என்றான். மீனாட்சியம்மாள் அடுக்களையிலிருந்து வந்து பின்னால் நின்றாள்.

"எனக்க பேரு இருக்காப்பா? வெட்டிராம பாத்துக்கிடுங்க. அடுத்த எலக்சனுக்கு நான் அங்கயே வந்தாலும் வந்திருவேன்."

வள்ளிநாயகம் மகன் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லும்போது சின்ன வயதிலிருந்தே அவன் இடது காதைத் தடவுவான். இப்போதும் தடவிக்கொண்டிருந்தான்.

"இருக்கு மக்கா" என்றார். "நான் இருக்கும்போ எவன் வெட்டுவான்?"